முதனூலும் சின்னத்திரையும்

நாவலொன்று தொலைக்காட்சித் தொடராக உருமாறும்பொழுதெல்லாம் இரு கட்சியார் தோன்றுவர். நூலில் உள்ளது உள்ளவாறே வரல் வேண்டும் என்பார் ஒரு சாரார். திரைக்குத் தனி இலக்கணம் உண்டு, நூலைப் புரட்டிப் பார்த்தலும் வேண்டா என்பார் மற்றொரு சாரார். தெய்வமும் ஆவியும் உலாவும் மர்மக் கதைகளில் இவ்வழக்குப் பின்னும் சிக்கலுறுகின்றது. அவ்வகைத் தொடரொன்றைக் கைபேசியிற் கண்ட மாணவனொருவன், பனி மூடிய காலையொன்றில் வகுப்பறையில் எழுந்து, "சேர், எங்கள் லயத்து முனியாண்டியும் அந்தக் கருப்பைப் போல ஒரு பேய்தானா?" என வினவினான். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

அவன் கண்டது 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா' என்னும் நாவலைத் தழுவி, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத்துக்காக நாகா இயக்கியது. 'மர்மதேசம்' வரிசையில் 'இரகசியம்' என்பதை அடுத்து 1997ஆம் ஆண்டளவில் சன் தொலைக்காட்சியில் வாரந்தோறும் வந்தது. நாவலாசிரியர் 2024 நவம்பரில் மதுரையிற் காலமானார். தொடரோ இன்றும் புதிய பார்வையாளரைப் பெற்றுவருகின்றது. ஊர்க் காவல் தெய்வமாகிய கருப்பர் குதிரையேறி வந்து குற்றவாளிகளைத் தண்டிக்கின்றார் என ஊரார் நம்புகின்றனர். பட்டணத்துப் படிப்போ ஒருவனுடைய உள்ளம் இரண்டாய்ப் பிளவுண்ட நோயே காரணம் என்கின்றது. கதையின் உயிர் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஐயத்திலேயே உள்ளது.

தழுவல் என்பது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் வழிநூலை நால்வகைப்படுத்தினார். தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்பன அவை. வார வாரம் வளரும் தொடர் பெரும்பாலும் விரித்தலின்பாற்படும். பவணந்தியாரோ, முதனூலின் முடிபோடு முற்றும் ஒத்துநின்று, பின்னோன் தான் வேண்டும் வேறுபாடுகளைச் சேர்ப்பதே வழிநூல் எனக் கருதினார். நிகழ்ச்சியில் ஒப்பு வேண்டும் என்று அவர் கூறவில்லை. முடிபில் ஒப்பு வேண்டும் என்றார். வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையாற் பற்றித் தூக்குகின்றான். கம்பனிலோ நிலத்தொடும் பெயர்த்துச் செல்கின்றான். நிகழ்ச்சி மாறியும் கம்பனை வழிதவறியவன் என்பார் இலர்.

மர்மக் கதைக்கு முடிபு யாது? கொலைஞன் இன்னான் என்னும் கடைசி அத்தியாயம் அன்று. தான் கூறும் அற்புதத்தைக் கதை எவ்வளவு நம்புகின்றது, எவ்வளவு ஐயுறுகின்றது என்பதே அதன் முடிபு என்பது என் துணிபு. அதனை மாற்றிவிட்டு ஏனையவற்றை எழுத்துப் பிசகாது படமாக்கினும் அது வேறொரு கதையே.

இவ்விடத்திற் கமரா ஒரு பெருந் தொல்லை செய்கின்றது. எழுத்தில், "கருப்பர் வந்தார் என்று ஊரார் சொன்னார்கள்" என எழுதலாம். வந்தாரா இல்லையா என்பது வாசகன் பொறுப்பு. கமராவுக்கு "என்று சொன்னார்கள்" என்னும் சொற்றொடர் கிடையாது. அது காட்டியது காட்டியதே. குதிரை தெரிந்தால் குதிரை உண்டு. எனவே நூலை அப்படியே படமெடுத்தால், அப்படியே எடுத்த காரணத்தினாலேயே நூலின் ஐயம் அழிந்துபோகும். நாகா இதனை உணர்ந்தவர். குளம்பொலியை முன்னே விட்டு, உருவத்தை இருளில் விரையவிட்டு, நாம் கண்டது தெய்வத்தையா, நோயுற்ற ஒருவன் மனத்தையா எனத் திகைக்க வைத்தார். அவர் முறைகள் நூலில் இல்லாதிருக்கலாம். நூலின் முடிபு அம்முறைகளிற் பிழைத்தது. சில பத்திரிகைக் குறிப்புகள் தொடரின் வெற்றியைத் திகிலுக்கே உரிமையாக்குகின்றன. திகில் மலிந்த தொடர்கள் எத்தனையோ வந்து மறைந்தன.

நம் தோட்டங்களில் மாசி மாதத்துக் காமன் கூத்தைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். கோமாளி அவ்வாண்டு ஊர்க்கதையைக் கலந்து சிரிக்க வைப்பான்; பாட்டுச் சுருங்கும், நீளும்; மழை வந்தால் ஒரு காட்சியே மறையும். எவரும் குறை கூறார். ஆனால் மதன் எரிதல் வேண்டும், பின் உயிர்த்தெழுதலும் வேண்டும். மதனும் ரதியுமாக வேடம் புனைவோர் விரதம் காத்தலும் வேண்டும். அவற்றிற் கைவைக்கப் பொட்டலில் நிற்கும் முதியோர் இடங்கொடார்.

இத்துணையும் புகழ்ந்த எனக்குத் தொடரின் பெயரில் மட்டும் உடன்பாடில்லை. இதனைச் சிறு குற்றம் எனத் தள்ளவும் மனம் வரவில்லை. 'விட்டு விடு கருப்பா' என்பது விளி. துன்புற்ற மனிதன் தெய்வத்தை நேர்முகமாக நின்று அழைக்கும் குரல் அது. நம் பாட்டன்மாரும் நோயிலும் அட்டைக் கடியிலும் முனியாண்டியையும் மாடசாமியையும் அவ்வாறே அழைத்தனர். 'விடாது கருப்பு' என்பதிலோ விளி போயிற்று, உயர்திணை அஃறிணையாயிற்று, வேண்டுவோன் மறைந்தான். பழமொழியின் மிடுக்கு வந்து சேர்ந்தது மெய்யே. விளம்பரத்துக்கும் அது பொருந்தும். ஆயினும் 'காத்துக் கருப்பு' என்னும் பேச்சு வழக்கின் பக்கத்திற் காவல் தெய்வத்தைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. தொடரின் உள்ளே கருப்பர் நீதிக்கு அஞ்சாத் தெய்வமாகவே நிற்கின்றார். பெயர்ப்பலகையில் மட்டும் பேயாகின்றார். என் மாணவன் பெயரைக் கொண்டே பொருளைக் கொண்டான். அவன் வினாவிற் கேலி இருந்திருப்பின் வருந்தியிரேன். அவன் வெட்கத்தோடு கேட்டான்.

தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரத்துக்கும் ரோதை முனி எனக் காவல் வைத்து வணங்கிய மக்களின் பிள்ளை அவன். அத்தெய்வங்களைக் கதையாக்குவோர் ஐயுறலாம், மறுக்கவுஞ் செய்யலாம். இந்நாவலே பாதி மறுப்புத்தான். மறுப்பதற்கும் முதலில் அது தெய்வம் என்ற நிலையில் நின்றாக வேண்டும்.

அவனுக்கு நான் நீண்ட விடை கூறவில்லை. என்னிடமிருந்த நாவற் பிரதியைக் கொடுத்தனுப்பினேன். தவணை முடிந்தும் அது திரும்பி வரவில்லை. மாலையில் அதனைத் தன் பாட்டிக்கு வாசித்துக் காட்டுகின்றான் எனக் கேள்வி.