அது பங்கரா, வெறும் மணலா? ஒரு லோக்கல் ரூலை வாசித்தல்

கோல்ஃபின் ஆதார விதி ஒரே வரிதான். பந்து எங்கே கிடக்கிறதோ அங்கிருந்தே ஆடு. மற்ற விதிகள் எல்லாம் இதற்கான விளக்கங்கள், இல்லையென்றால் விலக்குகள். அந்த விலக்குகளில் ஒரு வகைதான் லோக்கல் ரூல். போட்டியை நடத்தும் குழு, அந்த மைதானத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் சில விதிகளை ஒரு தாளில் எழுதி ஒட்டும். புதிதாக நட்ட மரக்கன்று, பழுது பார்க்கிற தரை, சேறாகிப்போன ஃபேர்வே, இப்படிப்பட்ட இடத்தில் பந்து விழுந்தால் தண்டனை இல்லாமல் எடுத்து வேறிடத்தில் வைக்கலாமா கூடாதா என்று அந்தத் தாள் சொல்லும். இந்தச் சலுகைக்குப் பெயர் ரிலீஃப். தெருக் கிரிக்கெட்டில் 'பக்கத்து வீட்டு மாடிக்குப் போனா அவுட்'னு ஒரு சட்டம் இருக்குமே, கிட்டத்தட்ட அதே சங்கதி.

இந்தத் தாள்களை யாரும் ஒரு எழுத்தாக எடுத்துக்கொண்டு வாசிப்பதில்லை. ஆனால் ஒரு வார்த்தை மாறினால் ஒருவருடைய சாம்பியன்ஷிப்பே போய்விடும். அப்படிப்பட்ட எழுத்தை விமர்சிக்காமல் வேறு எதை விமர்சிப்பது?

முதலில், நன்றாக எழுதப்பட்ட ஒன்று. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள் லண்டன் பகுதியில் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது, அங்கிருந்த ரிச்மண்ட் கோல்ஃப் கிளப் சில தற்காலிக விதிகளை எழுதியது. எதிரியின் தாக்குதலால் பந்து நகர்ந்துவிட்டால் பழைய இடத்தில் வைத்துக்கொள்ளலாம், தண்டனை இல்லை. குண்டுப் பள்ளத்தில் பந்து விழுந்தால் எடுத்து வெளியே போட்டுக்கொள்ளலாம், தண்டனை இல்லை. ஆனால் அடிக்கிற நேரத்தில் குண்டு வெடித்து அடி கெட்டுப்போனால்? அதே இடத்திலிருந்து இன்னொரு பந்து ஆடலாம், ஒரு ஸ்ட்ரோக் தண்டனையோடு.

இதை எல்லாரும் ஆங்கிலேயக் குசும்பு என்று சிரித்துவிட்டுப் போவார்கள். சிரிப்பு சரிதான், ஆனால் உள்ளே ஒரு தர்க்கம் இருக்கு. பள்ளம் தரையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்த்துச் சரிபார்க்கலாம். நகர்ந்த பந்தும் அப்படித்தான். திடுக்கிட்டது மட்டும் ஆட்டக்காரரின் மனசுக்குள் நடந்தது. ரிச்மண்ட் விதி தரைக்கு ரிலீஃப் கொடுத்தது, மனசுக்குக் கொடுக்கவில்லை. குண்டு மழைக்கு நடுவிலும் இந்தக் கோட்டை அழிக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது விசிலிங் ஸ்ட்ரெய்ட்ஸ். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் மைதானம். தட்டையாகக் கிடந்த நிலத்தில் மண்ணையும் மணலையும் கொட்டிக் குவித்து, அயர்லாந்துக் கடற்கரை மாதிரி தோன்றும்படி பீட் டை வடிவமைத்தார். 1998-ல் திறக்கப்பட்டது. பங்கர்கள் மட்டும் ஆயிரத்தை ஒட்டி இருக்கும். பங்கர் என்றால் வேண்டுமென்றே வைத்த மணற்குழி. அதில் பந்து கிடந்தால், அடிப்பதற்கு முன் மட்டையை மணலில் ஊன்றக்கூடாது, ஊன்றினால் இரண்டு ஸ்ட்ரோக் தண்டனை. விசிலிங் ஸ்ட்ரெய்ட்ஸில் பாதிக்கு மேல் அலங்காரத்துக்கு இருக்கிறதோ என்று தோன்றும், ஆட்டம் நடக்கிற பாதைக்குச் சம்பந்தமே இல்லாத மூலைகளிலும் குழிகள்.

2010 பிஜிஏ சாம்பியன்ஷிப் இங்கே நடந்தபோது, விதித்தாளின் முதல் அம்சமே இந்தக் குழிகளைப் பற்றித்தான். அதன் சாரம்: பங்கராக வடிவமைத்துக் கட்டப்பட்ட எல்லா இடமும் பங்கர்தான். மணலைச் சமன்படுத்தியிருக்க வேண்டியதில்லை. கூட்டம் நிற்கிற பக்கமாக இருந்தாலும் சரி, காலடித் தடமும் வண்டித் தடமும் இருந்தாலும் சரி, ரிலீஃப் கிடையாது.

ஆகஸ்ட் 15, கடைசி நாள், கடைசிக் குழி. டஸ்டின் ஜான்சன் ஒரு ஸ்ட்ரோக் முன்னிலையில் இருந்தார். அவர் அடித்த பந்து வலப்பக்கம் விலகிக் கூட்டத்துக்குள் போய், பலர் மிதித்துக் குழப்பியிருந்த ஒரு மணல் திட்டில் நின்றது. அவர் மட்டையைப் பந்துக்குப் பின்னால் ஊன்றி அடித்தார். அந்தக் குழியை 5-ல் முடித்து, மார்ட்டின் கைமர், பப்பா வாட்சன் இருவரோடும் பிளேஆஃப் ஆடப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தவரிடம்தான் விஷயத்தைச் சொன்னார்கள். 5 என்பது 7 ஆனது. பிளேஆஃபில் அவர் இல்லை. கைமர் ஜெயித்தார்.

'தாளைப் படிக்காதது அவன் தப்புதானே?' என்று கேட்பவர்கள் நிறைய. நியாயமான கேள்விதான். தாள் கொடுக்கப்பட்டது, முதல் அம்சமாகவே இருந்தது, உடை மாற்றும் அறையிலும் ஒட்டியிருந்தார்கள். தண்டனை சட்டப்படி சரி. ஆனால் 2004-ல் இதே மைதானத்தில், இதே போட்டியில், ஸ்டூவர்ட் ஆப்பிள்பியும் தான் நிற்பது பங்கர் என்று தெரியாமல் நடந்துகொண்டு நான்கு ஸ்ட்ரோக் தண்டனை வாங்கினார். ஒரே படியில் இரண்டு பேர் தடுக்கி விழுந்தால், விழுந்தவர்களின் கண்ணை மட்டும் சோதித்தால் போதாது, படியையும் பார்க்கணும்.

படி எங்கே கோணல் என்றால், 'வடிவமைத்துக் கட்டப்பட்ட' என்ற சொற்களில். பொது விதியில் பங்கருக்கான வரையறை, ஆட்டத்துக்கெனத் தயார் செய்யப்பட்ட மணற்பரப்பு என்பது. 'தயார் செய்யப்பட்ட' என்பதை ஓரளவு கண்ணால் பார்க்கலாம்: ஓரம் வெட்டியிருக்கும், மணல் வாரியிருக்கும், வாரி பக்கத்தில் கிடக்கும். 'வடிவமைத்துக் கட்டப்பட்ட' என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அது பீட் டையின் மனசில் இருந்தது, வரைபடத்தில் இருந்தது. ஆக, தரையின் இன்றைய நிலையைப் பார்த்து முடிவு செய்கிற வேலையை இந்த விதி எடுத்துவிட்டு, கட்டியவரின் நோக்கத்தை ஊகிக்கிற வேலையை ஆட்டக்காரரிடம் கொடுத்தது. ரிச்மண்டுக்கு நேர் எதிர். அங்கே மனசை ஒதுக்கித் தரையைப் பார்த்தார்கள், இங்கே தரையை ஒதுக்கி ஒரு மனசைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

நடத்தியவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஆயிரம் குழிகளில் இது பங்கர், அது இல்லை என்று பிரித்து எல்லை போடுவது நடக்கிற காரியமா? கயிறு கட்டிய இடமும் கூட்டத்தோடு நகரும். எல்லாமே பங்கர் என்று சொல்லிவிட்டால் குழப்பம் இல்லை. சரி, ஒரே பதில் வேண்டும் என்றால் அதை மறுபக்கமும் வைக்கலாமே? 2012-ல் கியாவா தீவின் ஓஷன் கோர்ஸில் இதே போட்டி நடந்தபோது அதைத்தான் செய்தார்கள். அதுவும் பீட் டை கட்டியது, அங்கும் எங்கு பார்த்தாலும் மணல். அங்கே எந்த மணலும் பங்கர் இல்லை, எங்கும் மட்டையை ஊன்றலாம் என்று விதித்தார்கள். இதற்கும் விலை உண்டு: கிரீனை ஒட்டி ஒழுங்காக வெட்டிய குழியும் தன் பயமுறுத்தலில் கொஞ்சம் இழந்துவிடுகிறது. ஆனால் எந்த ஆட்டக்காரரும் 'இது பங்கரா' என்று யோசித்துக்கொண்டு நிற்கத் தேவை இல்லாமல் போனது. இரண்டே வருட இடைவெளியில், அதே அமைப்பு, அதே வகை மைதானத்துக்கு எழுதிய இரண்டு தாள்கள் இவை. இரண்டாவது இருக்கும்போது முதலாவதை 'வேறு வழியே இல்லை' என்று காப்பாற்ற முடியாது. ஆனாலும் 2015-ல் விசிலிங் ஸ்ட்ரெய்ட்ஸுக்குப் போட்டி திரும்பி வந்தபோது பழைய விதியே தொடர்ந்தது.

லோக்கல் ரூல் திருந்தாத சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். 2016 யுஎஸ் ஓப்பனில், ஓக்மாண்டில், அதே ஜான்சனின் பந்து கிரீனில் லேசாக நகர்ந்தது. தண்டனை உண்டா இல்லையா என்பது முடிவாகாமலே மீதிக் குழிகளை ஆட வேண்டிவந்தது. ஒரு ஸ்ட்ரோக் தண்டனை கடைசியில் சேர்ந்தும் அவரே ஜெயித்தார். அடுத்த ஜனவரியிலிருந்து, கிரீனில் தெரியாமல் பந்து நகர்ந்தால் தண்டனை இல்லை என்று ஒரு லோக்கல் ரூல் வந்தது. 2019-ல் மொத்த விதிப்புத்தகத்தையும் திருத்தியபோது அதுவே பொது விதியாகிவிட்டது. ஒரு மைதானத்தில் சோதித்துப் பார்க்கிற பட்டறையாக லோக்கல் ரூல் வேலை செய்யும் என்பதற்கு நல்ல உதாரணம் இது. 2010 விவகாரத்துக்கு அந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. பங்கரில் பந்துக்குப் பின்னால் மட்டையை ஊன்றினால் இன்றும் தண்டனைதான். அதில் எனக்குப் புகார் இல்லை. எது பங்கர் என்பதை ஆட்டக்காரர் எப்படித் தெரிந்துகொள்வது என்பதில்தான் புகார்.

அடுத்த முறை ஒரு பெரிய போட்டியின் விதித்தாள் கண்ணில் பட்டால், மணலைப் பற்றிய பத்தியை மட்டும் படித்துப் பாருங்கள். அங்கே நிற்கிற ஆள் தன் கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடிய சொல் அதில் இருக்கிறதா, அல்லது கட்டியவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய சொல்லா? இரண்டாவது வகையாக இருந்தால், அந்தத் தாளை எத்தனை சுவரில் ஒட்டினாலும் இன்னொருவர் மாட்டிக்கொள்வார்.