வேடம் களைந்த வாத்தியார்: சங்கரதாச சுவாமிகளின் நடிப்பும் பனுவலும்

ஆய்வுச் சுருக்கம்

தவத்திரு சங்கரதாச சுவாமிகள் (1867–1922) நடிகராகத் தொடங்கி நாடக ஆசிரியராக நிலைபெற்றவர். அவர் நடிப்பைத் துறந்தமைக்கு வழிவழியாகக் கூறப்பெறும் காரணத்தை இக்கட்டுரை மறுவாசிப்புச் செய்கின்றது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரக் கூத்து மரபின் துணைகொண்டு நோக்கும்போது, அவருடைய பனுவல்கள் நடிகன் ஒருவனின் நினைவாற்றலில் விளைந்தவை என்பது புலனாகின்றது.

திறவுச்சொற்கள்: இசை நாடகம், ஸ்பெஷல் நாடகம், தெருக்கூத்து, பாய்ஸ் கம்பெனி, பனுவல்.

முன்னுரை

தமிழ் நாடக வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இருவரை எதிரெதிரே நிறுத்துகின்றன. ஒருபுறம் பாட்டு; மறுபுறம் உரைநடை. பாட்டின் பக்கம் சங்கரதாச சுவாமிகள். உரையின் பக்கம் பம்மல் சம்பந்த முதலியார். இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பம்மலைத் தம் பெயரில் தாங்கிய முதலியார், சென்னையில் சுகுண விலாச சபையை 1891ஆம் ஆண்டு தோற்றுவித்தார். ஏறத்தாழ அதே காலத்தில், தம் 24ஆம் அகவையில், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாசர் உப்புப் பண்டகசாலைக் கணக்கு வேலையை விட்டு நாடகக் குழுவிற் சேர்ந்தார். இவ்வொற்றுமை தற்செயலானதே. ஆயினும், இருவரையும் இரு துருவங்களாக்கும் வரலாற்றுமுறை மூன்றாவதொன்றைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட்டது. அது முதலியார் தம் குடும்ப ஊரைச் சூழ்ந்த சிற்றூர்களிலேயே விடியவிடிய நிகழ்ந்துவந்த கூத்து. பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லு குழுவின் நாடகத்தைக் காணும்வரை தமிழ் நாடகங்களைத் தாம் இழிவாகவே கருதியதாக ‘நாடகமேடை நினைவுகள்’ நூலில் முதலியாரே ஒப்புக்கொள்கின்றார். சுவாமிகளைப் புரிந்துகொள்ள அவ்விழிவுணர்வு சிறிதும் உதவாது.

கர்ப்பிணிக் கதை

சுவாமிகள் தொடக்கத்தில் ஏற்றவை எமன், சனீஸ்வரன், இரணியன், இராவணன் ஆகிய வேடங்கள். அனைத்தும் அச்சமூட்டுபவை. விடியற்காலையில் சனீஸ்வரன் வேடத்துடன் நீர்நிலைக்குச் சென்றபோது அவரைக் கண்ட கர்ப்பிணி ஒருத்தி அதிர்ந்து வீழ்ந்தாள் என்றும், எமனாக அவர் மேடையில் தோன்றியபோது அவையிலிருந்த பெண்ணொருத்திக்குக் கருச்சிதைவு நேர்ந்தது என்றும் கதை இருவிதமாக வழங்குகின்றது. இதனால் மனம் வருந்தி அவர் வேடம் புனைவதை விட்டார் என்பர். ஆய்வேடுகள் பலவும் இதனை அப்படியே வரலாற்றுச் செய்தியாக ஏற்றுக்கொள்கின்றன.

ஒரு செய்தி இடமும் வேடமும் மாறி வழங்கும்போது அதனைத் தொன்மமாகக் கொள்வதே முறை. தொன்மமெனக் கொள்வதால் அதன் மதிப்புக் குறைந்துவிடுவதில்லை. அது எதற்குச் சான்று என்பதே மாறுகின்றது. தொண்டைமண்டலத்துத் திரௌபதி அம்மன் விழாக்களை அறிந்தோர்க்கு இக்கதையின் இயல்பு எளிதில் விளங்கும். துகிலுரிதல் இரவில் திரௌபதி வேடதாரி அருள்வந்து மயங்குதலும், தபசு மரமேறும் அருச்சுன வேடதாரியை நோக்கிப் பெண்கள் மடியேந்தி நிற்றலும் அங்கு வழக்கம். (மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம் அருச்சுனன் தபசா கங்கை இறங்கியதா என்று அறிஞர் வழக்காடுகின்றனர். ஆண்டுதோறும் அம்மரத்தைக் காணும் ஊரார்க்கு அவ்வையம் எழுந்ததில்லை.) அவ்வவையில் வேடம் உருவ ஒப்பனையோடு நிற்பதன்று, அது ஆற்றலுடையது, நன்மையும் தீங்கும் செய்யவல்லது. கர்ப்பிணிக் கதை இந்நம்பிக்கையினின்று பிறந்தது. சுவாமிகளின் நடிப்பை அவர்காலத்து அவை எவ்வாறு ஏற்றது என்பதற்கே அது சான்றாகும். அவர் ஏன் நடிப்பை விட்டார் என்பதற்கு அது சான்றாகாது.

நடிகன் முதிர்ந்து வாத்தியாராவது கூத்தில் இயல்பான படிநிலை. சுவாமிகளும் சூத்திரதாரராகி, பின்னர் ஆசிரியரானார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் அவர் பெற்ற யாப்புப் பயிற்சி, பிற நடிகர்க்கு வாய்க்காத ஒரு வாயிலை அவருக்குத் திறந்தது. இவ்வளவில் விளங்கிவிடும் ஒன்றுக்கு இறப்புக் கதை தேவையில்லை.

ஓரிரவுப் பனுவல்

சுவாமிகளின் நாடகங்கள் ஏறத்தாழ 40 என்பாரும் 68 என்பாரும் உளர். எண்ணிக்கை இவ்வளவு வேறுபடுவதே பனுவல்களின் இயல்பை உணர்த்துகின்றது. 1918இல் மதுரையில் தொடங்கப்பெற்ற தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிற் சிறுவராகச் சேர்ந்த தி. க. சண்முகம், ‘எனது நாடக வாழ்க்கை’யில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்கின்றார். தமக்கு முதன்மை வேடம் அளிப்பதற்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைப் பாடலும் உரையாடலுமாகச் சுவாமிகள் ஓரிரவில் எழுதிமுடித்தார் என்பது அது. இதனைத் திறனாய்வாளர் மேதைமைக்குச் சான்றாக வியந்து கூறிக் கடந்துவிடுகின்றனர்.

வியப்பதற்கு முன் எழுதப்பெற்றது எது என்று நோக்க வேண்டும். சுந்தரியை மணக்கும் அபிமன்யு வியாசரிடத்தும் இல்லை, வில்லிபுத்தூராரிடத்தும் இல்லை. அவன் மக்கள் கதையின் அபிமன்யு. அவ்வாறே அல்லியும் பவளக்கொடியும் புகழேந்தியார் பெயரால் வழங்கும் மாலைகளிலிருந்து வந்தவர்கள். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892இல் பதிப்பித்த பின்னரும், சுவாமிகளின் கோவலன் பெரிதும் வாய்மொழிக் கதையின் வழியிலேயே நடக்கின்றான். புலவர்க்கு இது குறையாகத் தோன்றலாம். கதையைக் கேட்டறிந்த அவையின்முன் நிற்பவர்க்கு இதுவே முதல். நிகழ்ச்சி வரிசை, வேடத்தின் வருகை, தருக்கம் ஏறும் இடம், புலம்பல் இறங்கும் இடம் ஆகியன பல இரவுகள் மேடையில் நின்றவரின் உடலிற் பதிந்திருந்தவை. எழுத வேண்டியிருந்தவை பாடல்களே. அவற்றுக்கும் வெண்பா, விருத்தம், சிந்து, தெம்மாங்கு என்னும் அச்சுகள் கைவசம் இருந்தன. ஓரிரவு குறுகிய காலந்தான். ஆனால் அவ்விரவுக்குப் பின்னால் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தன.

கூத்தோடு ஒப்பிடுங்கால் மற்றொன்றும் தெளிவாகின்றது. கூத்தில் வேடதாரி திரைக்குப் பின்னிருந்தே பாடிக்கொண்டு வந்து தன்னை அறிவிப்பான். பாடிய பொருளையே பின்னர் வசனமாகவும் சொல்வான். சுவாமிகளின் நாடகங்களிலும் இவ்விரட்டிப்பு மிகுதி. வாசிப்போர்க்கு இது சலிப்பூட்டும்; இக்கட்டுரையாளர்க்கும் சலிப்பூட்டியதுண்டு. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் பாட்டு தொலைவுக்குச் சென்றது, பொருள் வசனத்தில் வந்தது என்று உணர்ந்தால் அது மிகையன்று. செங்கோட்டை கிட்டப்பா போன்றோரின் உச்சசுருதிக் குரலை அக்காலம் போற்றியதற்கும் இத்தேவையில் ஒரு பங்குண்டு.

பனுவலும் நடிகரும்

இங்கேதான் சுவாமிகளின் வாழ்வில் ஒரு முரண் தோன்றுகின்றது. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓரூரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோரூரிலிருந்தும் ஆர்மோனியக்காரர் மற்றோரூரிலிருந்தும் தனித்தனியே பேசி அழைக்கப்பெறுவர். ஒத்திகை கிடையாது. எனவே, அனைவர்க்கும் முன்னரே மனப்பாடமான பொதுப் பனுவல் இன்றியமையாதது. ‘வள்ளி திருமணம்’ இன்றளவும் அவ்வாறு நடிக்கப்பெறுவதற்கு அதன் இலக்கியச் சுவையோடு இப்பொதுமையும் காரணம். ஆனால் அப்பொதுமையே நடிகர்க்கு மீறும் உரிமையையும் அளித்தது. வள்ளியின் தினைப்புனத்தில் தருக்கம் நீள நீள, ஆசிரியரின் சொல் பின்வாங்கிப் போட்டி நடிகரின் சொல் முன்வந்தது. கட்டுக்கடங்காத வளர்ந்த நடிகரை விடுத்துச் சிறுவரைத் தேடிச் சுவாமிகள் சென்றமைக்கு ஒழுக்கக் காரணம் கூறப்பெறுகின்றது. அதனினும் பனுவற் காரணம் வலியது எனக் கருதுகின்றோம். எழுதியபடி பாடும் தொண்டை அவருக்கு வேண்டியிருந்தது.

அதற்குச் சிறுவர் கொடுத்த விலை என்ன என்னும் வினாவையும் ஒதுக்கிவிட இயலாது. பாய்ஸ் கம்பெனிகளின் பிள்ளைப்பருவம் பெற்றோரை நீங்கிய, இரவு விழித்த, மனப்பாடத்தாலான பருவம். சுவாமிகளின் சொல் நிலைத்தது அந்நினைவுகளில்தான். குருபக்தியில் தோய்ந்த நினைவுநூல்கள் இதனை மெலிந்த குரலிலேயே சொல்லும். ஆய்வாளர் அம்மெலிவைக் கேட்டாக வேண்டும்.

சுவாமிகள் 1921இல் பக்கவாதத்தால் தாக்குண்டு பேச்சிழந்தார். 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் மறைந்தார். இடைப்பட்ட காலத்தில் அவர் திருத்தியோ தடுத்தோ ஒரு சொல்லும் கூற இயலாத நிலையில் சிறுவர் அவர் நாடகங்களை நடித்துக்கொண்டிருந்தனர். 1925இல் தி. க. ச. சகோதரர்கள் தமக்கெனத் தனிக் குழு அமைத்தபோது உடன்கொண்டு சென்றவற்றுள் தலையாயது அம்மனப்பாடமே. இன்று சுவாமிகள் பெயரால் அச்சில் கிடைக்கும் பனுவல்களுள் எது அவர் கைப்படி வந்தது, எது ஆர்மோனியக்காரரின் ஏட்டின் வழி வந்தது, எது நடிகர் நாவின் வழி வந்தது என்று பிரித்தறியும் ஒப்புமைப் பதிப்பே இனி செய்யத்தக்க பணி. அதற்கு மதுரை, புதுக்கோட்டை ஸ்பெஷல் நாடகக்காரரின் கையேடுகளோடு, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் கூத்து வாத்தியார்களின் நோட்டுப் புத்தகங்களையும் அருகருகே விரித்துவைக்க வேண்டும்.