ஆல்பைன் லினக்சும் தமிழ் அகரவரிசையும்: ஒரு திறனாய்வு

ஆல்பைன் லினக்ஸ் என்பது கொள்கலன்களில் (கன்டெய்னர்) பெரிதும் பயன்படும் சிறிய லினக்ஸ் வழங்கல். 2005ஆம் ஆண்டளவில் நட்டானயேல் கோப்பா தொடங்கியது. கொள்கலன் தனக்கென்று கெர்னலை வைத்துக்கொள்வதில்லை. தாங்கும் கணினியின் கெர்னலையே பகிர்கிறது. ஆகவே உள்ளே தேவைப்படுவது சில நிரல்களும் ஒரு சி நூலகமுமே. ஆல்பைன் அதற்கு பிசிபாக்சையும் மசல் நூலகத்தையும் எடுத்துக்கொண்டது. அடிப்படைப் படிமம் பத்து எம்பிக்கும் குறைவு. டெபியனுடையது நூறைத் தாண்டும்.

இச்சிறுமை போற்றத்தக்கதே. ஆனால் எதை வெட்டிச் சிறிதாக்கினார்கள் என்பதையும் கேட்க வேண்டும். மசல் நூலகம் சொற்களை மொழி மரபுப்படி வரிசைப்படுத்துவதில்லை. குறியெண் வரிசையிலேயே அடுக்கும். ஆங்கிலச் சிற்றெழுத்துகளுக்கு இதனால் பெரிய தொல்லையில்லை. தமிழுக்கு உண்டு. யூனிகோடின் தமிழ்ப் பகுதி இஸ்கி குறியீட்டைப் பின்பற்றியது. தேவநாகரி அடுக்குக்கு ஏற்ப ‘ன’ ‘ந’வை அடுத்தும், ‘ற’ ‘ர’வை அடுத்தும், ‘ழ’ ‘வ’வுக்கு முன்னும் அமர்ந்துவிட்டன. புள்ளியோ உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னே நிற்கிறது.

விளைவு: அகராதியில் ‘மரம்’ முன், ‘மனம்’ பின், ஆல்பைனில் தலைகீழ். ‘பக்கம்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘பகல்’ வந்து நிற்கும். தென்காசி மாவட்ட ஊர்ப்பட்டியலை அடுக்கினால், ‘தெற்கு’ என்று தொடங்கும் ஊர்கள் தென்காசிக்குப் பின்னே தள்ளப்படும். ஆரம்பப் பள்ளி மாணவனே பிழை காண்பான். கணினி ஒரு எச்சரிக்கையும் தராது.

டெபியன் கொள்கலனிலும் தமிழ் வட்டார அமைப்பு இயல்பாக இருப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அங்கே அதை நிறுவிக்கொள்ளலாம். ஆல்பைனில் ஐசியூ நூலகத்தை நாடவேண்டும். நிரலும் அதைப் பயன்படுத்துவதாக இருக்கவேண்டும். 2022இல் வந்த 3.16 பதிப்பு முதல் அந்நூலகத்துடன் ஆங்கிலத் தரவு மட்டுமே இயல்பாக வருகிறது. தமிழ் உள்ளிட்ட முழுத் தரவு தனிப் பொதி; அளவு ஏறத்தாழ 29 எம்பி. இயங்குதளத்தையே மிஞ்சும் மொழிப் பொதி!

மசல் நூலகத்தில் டிஎன்எஸ் பதில் பெரிதானால் டிசிபி வழியே மீண்டும் கேட்கும் வசதியும் நெடுங்காலம் இல்லை; 2023இல் 1.2.4 பதிப்பில்தான் வந்தது. பலரும் முட்டிக்கொண்ட குறை, திருத்தப்பட்டது. வரிசைக் குறை ஆங்கிலத் தரவை மட்டும் வைத்துச் சோதிப்பவர் கண்ணில் படுவதே இல்லை. கொள்கலன் எழுகிறதா, வலைப்பக்கம் திறக்கிறதா என்பதோடு, ‘மரம், மனம், பக்கம், பகல்’ என்ற நான்கு சொற்களை அடுக்கச் செய்து பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.