திருத்தி வந்த மாயப் படங்கள்: குட்டிச்சாத்தான் முதல் லோகா வரை

வெளியாகி முடிந்துபோன ஒரு படத்தை, எடுத்துவைத்த காட்சிகளைக் கொண்டே இயக்குநர் மீண்டும் தொகுத்து வேறு வடிவில் தருவதை டைரக்டர்ஸ் கட் என்கிறார்கள். எல்லா வகைப் படங்களிலும் இது நடந்திருக்கிறது என்றாலும், அதிமனித நாயகர் படங்களில்தான் இதைப் பற்றிய பேச்சு மிகுதி. அந்தப் படங்களில் பணம் பெரிது. பணம் போட்ட நிறுவனத்துக்கும் இயக்குநருக்கும் இடையிலான இழுபறியும் அந்த அளவுக்குப் பெரிது. கதாபாத்திரங்களைச் சித்திரக்கதைகளிலிருந்தே அறிந்த ரசிகர்கள், திரையில் எது விடுபட்டது என்பதைச் சட்டென்று கண்டுகொள்கிறார்கள்.

ரிச்சர்ட் டோனர் முதல் 'சூப்பர்மேன்' படத்தோடு சேர்த்தே இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதியையும் எடுத்துவிட்டிருந்தார். இடையில் அவர் நீக்கப்பட, ரிச்சர்ட் லெஸ்டர் முடித்த படம் 1980-இல் வெளிவந்தது. டோனரின் வடிவம் வர 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முழுமையாக எடுக்கப்படாத ஒரு முக்கியக் காட்சிக்கு, கிறிஸ்டோபர் ரீவும் மார்கோ கிடரும் தேர்வுக்காக நடித்துக்காட்டிய பழைய துண்டுகளை அதில் சேர்த்திருந்தார்கள். ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரிந்தும் ரசிகர்கள் அதைக் குறையாக எண்ணவில்லை. இயக்குநர் மனத்தில் இருந்த படத்தை நெருங்கிவிட்டோம் என்ற நிறைவே அவர்களுக்கு முன்னால் நின்றது. மறுதொகுப்பைப் பார்ப்பவர் கண் முன்னால் ஓடுவதை மட்டும் பார்ப்பதில்லை. மனத்தில் ஏற்கெனவே ஓடிய படம் ஒன்று கூடவே ஓடுகிறது.

சாக் ஸ்னைடரின் 'ஜஸ்டிஸ் லீக்' இதற்கு மிகப் பெரிய சான்று. மகளை இழந்த துயரத்தில் 2017-இல் அவர் விலக, ஜாஸ் வீடன் முடித்த 2 மணி நேரப் படம் அந்த நவம்பரில் வெளியாகித் தோற்றது. ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் கோரிக்கை எழுப்பினார்கள். தற்கொலைத் தடுப்புப் பணிக்கு நிதியும் திரட்டினார்கள். 2021 மார்ச் 18-இல் 4 மணி 2 நிமிட வடிவம் வந்தது. இந்தியாவில் அதே நாளில் புக்மைஷோ ஸ்ட்ரீம் போன்ற தளங்களில் கிடைத்ததால், திருவனந்தபுரத்து ரசிகர் திரையரங்குக்குப் போகாமலே, நியூயார்க் ரசிகர் பார்த்த அன்றே வீட்டில் அதைப் பார்க்க முடிந்தது. முதல் வடிவத்தில் துணைப்பாத்திரமாய்ச் சுருங்கியிருந்த சைபார்க் இதில் கதையின் இதயமாகிறான். பாராட்டியவர்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் சொன்னார்கள். சலித்தவர்கள் மெதுவோட்டக் காட்சிகளையும் நீளத்தையும் குறை கூறினார்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழ, சதுரத்தை ஒட்டிய 4:3 சட்டகத்தில் படம் வந்தது சிலருக்கு அழகாகவும் பலருக்கு உறுத்தலாகவும் இருந்தது.

கேரளத்துக்கு இந்த அனுபவம் புதிதல்ல. மந்திர ஆற்றல் கொண்ட சிறுவனை நாயகனாக்கிய ஒரு மலையாளப் படம், ஸ்னைடருக்கு நெடுங்காலம் முன்பே, ஒரு முறைக்கு மேல் திருத்தப்பட்டுத் திரைக்கு வந்திருக்கிறது. 'மை டியர் குட்டிச்சாத்தான்' 1984 ஆகஸ்ட் 24-இல் வெளியானது. இந்தியாவின் முதல் 3டி படம் அது. நவோதயா அப்பச்சன் தயாரிக்க, அவர் மகன் ஜிஜோ இயக்கினார். கதை ரகுநாத் பலேரி, ஒளிப்பதிவு அசோக்குமார், இசை இளையராஜா. ஒரு மந்திரவாதியிடம் அடிமைப்பட்டுக் கிடக்கும் குட்டிச்சாத்தானை மூன்று குழந்தைகள் விடுவித்துத் தோழனாக்கிக்கொள்கிறார்கள். மேலங்கியும் முகமூடியும் இல்லை. ஆனால் நலிந்தவர் பக்கம் நிற்கும் அமானுஷ்ய வலிமை என்ற இலக்கணத்துக்கு அவன் முழுக்கப் பொருந்துகிறான்.

குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடந்து பாடும் காட்சிக்காக, அறை முழுவதும் சுழலும்படி ஓர் அரங்கை நிறுவினார்கள். கலை இயக்குநர் கே. சேகரின் கைவண்ணம் அது. அறையோடு கேமராவும் சேர்ந்து சுழல்வதால், பார்ப்பவருக்கு அறை அசையாமல் நிற்பதாகவும் குழந்தைகள்தான் மேலேறுவதாகவும் தோன்றும். கண்ணாடி அணிந்த பார்வையாளர்கள், திரையிலிருந்து நீண்டு வந்த பொருள்களைப் பிடிக்கக் கை நீட்டினார்கள். அந்தத் தலைமுறைக்கு அந்தப் படம் என்றால் அந்தக் கை நீட்டல்தான். பின்னால் வந்த எந்தத் திருத்தத்தையும் அவர்கள் அதைக் கொண்டே அளந்தார்கள்.

முதல் திருத்தம் படம் ஓடிக்கொண்டிருந்தபோதே நடந்தது. ஒருவர் அணிந்த கண்ணாடியை அடுத்தவர் அணிவதால் கண்நோய் பரவுகிறது என்று வதந்தி கிளம்பியது. கண்ணாடிகள் ஒவ்வொரு முறையும் கிருமி நீக்கப்படுகின்றன என்று விளக்கும் ஒரு முன்னுரைக் காட்சியைத் தயாரிப்பாளர்கள் எடுத்துச் சேர்த்தார்கள். மலையாளத்தில் பிரேம் நசீர், தமிழில் ரஜினிகாந்த், தெலுங்கில் சிரஞ்சீவி, இந்தியில் அமிதாப் பச்சனும் ஜிதேந்திராவும் திரையில் தோன்றி மக்களிடம் பேசினார்கள். பார்வையாளரின் அச்சத்துக்கு விடையாக ஒரு படத்தின் நீளம் கூடியது. கதையில் ஒரு சட்டகமும் மாறவில்லை. இதை யாரும் குறை சொன்னதில்லை.

பின்னால் வந்தவை வேறு வகை. 1997-இல் புதிய ஒலியமைப்போடும் கூடுதல் காட்சிகளோடும் படம் மறுபடி வந்தது. 1998-இல் இந்தி வடிவமான 'சோட்டா சேத்தன்' ஊர்மிளா மாதோண்ட்கர் நடித்த புதிய பகுதியோடு வெளியானது. 2010-இல் தமிழில் 'சுட்டிச் சாத்தான்' என்ற பெயரில் பிரகாஷ்ராஜ், சந்தானம் காட்சிகள் சேர்ந்தன. அடுத்த ஆண்டு மலையாளத்திலும் மீண்டும் ஒரு வெளியீடு. புதிதாகப் பார்த்த குழந்தைகளுக்கு இவை எதுவும் இடறவில்லை. முன்பே பார்த்திருந்த பெற்றோர்க்கு இடறியது: கால் நூற்றாண்டு இடைவெளியில் எடுத்த காட்சிகளின் வண்ணமும் பேச்சின் வேகமும் பழையவற்றோடு இசையவில்லை. ஆனால் நேர்ந்த இழப்பு இந்தப் பொருந்தாமையை விடப் பெரிது. சேர்க்கை ஏதும் இல்லாத 1984-இன் வடிவத்தை, கண்ணாடி அணிந்து, பெரிய திரையில், இன்றைய ரசிகர் ஒருவர் போய்ப் பார்க்க வழியில்லை. ஒப்பிட்டுப் பார்க்க முடியாதவரிடம் கருத்துக் கேட்பது நியாயமாகாது.

இதே ரகுநாத் பலேரி எழுதிய 'தேவதூதன்' நேர்மாறான கதை. சிபி மலையில் இயக்கி 2000 டிசம்பரில் வெளியான அந்தப் படம் தோல்வியடைந்தது. 2024 ஜூலை 26-இல், நகைச்சுவைப் பகுதிகள் பலவற்றை நீக்கி 4கே தரத்தில் மறுபடி தொகுத்து வெளியிட்டபோது அரங்குகள் நிரம்பின. வித்யாசாகரின் இசையும், மறைந்த காதலனின் ஆவி இசைக்கருவி வழியே பேசும் கதையும் இப்போது தடையில்லாமல் ஓடின. இடைப்பட்ட காலத்தில் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்து மனப்பாடமாக்கியிருந்த சிலர், நீக்கிய காட்சிகளைத் தேடினார்கள். அந்தக் குறையை அவர்களால் குறிப்பிட்டுச் சொல்ல முடிந்தது. கேட்டவர்களாலும் சரிபார்க்க முடிந்தது. பழைய வடிவம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே காரணம். 2023 பிப்ரவரியில் பத்ரன் தன் 'ஸ்படிகம்' படத்தைச் சில புதிய ஷாட்டுகளோடு மீட்டு வந்ததும் இவ்வகையே. 1995-இன் படம் மக்கள் நினைவில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்ததால், புதிதாக நுழைந்த ஷாட் எது என்பதைப் பலர் பார்த்தவுடனே சொன்னார்கள்.

தமிழில் நெருங்கிய எடுத்துக்காட்டு 'பாபா'. மந்திர வரம் பெற்ற நாயகனின் கதையாக 2002 ஆகஸ்டில் வந்த இந்தப் படம் ரஜினியின் பெரும் சறுக்கல்களில் ஒன்று. 2022 டிசம்பரில் சுருக்கி, முடிவையும் மாற்றி வெளியிட்டார்கள். ரசிகர்கள் அதைத் திருவிழாவாகவே கொண்டாடினார்கள். அந்த ஆரவாரத்தில் தொகுப்பைப் பற்றிய பேச்சு அமுங்கிப்போனது. எஸ்.எஸ். ராஜமௌலி 2025 அக்டோபர் 31-இல் 'பாகுபலி' இரு பாகங்களையும் ஒன்றாக்கித் தந்தது இன்னும் துணிவான காரியம். ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம் ஓடும் அந்த வடிவத்தில் அவந்திகையின் காதல் பகுதி ஏறக்குறைய முழுதும் போனது. போனதை இயக்குநரின் குரலே சொல்லிக் கடக்கிறது. வெட்டிய இடத்தை மறைக்காமல் வாய்விட்டுச் சொன்ன இந்த நேர்மை மற்றவர்கள் பின்பற்றத்தக்கது.

இயக்குநர் ஆசைப்படாமலும் மறுதொகுப்பு நடக்கிறது. பிருத்விராஜ் இயக்கிய 'எல்2: எம்புரான்' அதிமனிதப் படம் அல்ல, ஆனால் இந்த விவாதத்தில் அதை விட முடியாது. 2025 மார்ச் 27-இல் வெளியான படத்தின் கலவரக் காட்சிகளுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. மார்ச் 29 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் திருவனந்தபுரத்தில் படத்தைப் பார்த்துவிட்டு, படக்குழுவுக்கு ஆதரவாக எழுதினார். மறுநாள் படத்தின் நாயகன் மோகன்லால் வருத்தம் தெரிவித்தார். 24 இடங்களில் வெட்டு விழுந்தது. வில்லனின் பெயரும் மாறியது. வெட்டுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்று பலர் அரங்குக்கு விரைந்தார்கள். நீக்கிய மொத்த நீளம் சில நிமிடங்கள்கூட இல்லை. ஆனாலும் படத்தைப் பார்த்தவர்கள், முன்னால் பார்த்தவர் என்றும் பின்னால் பார்த்தவர் என்றும் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒருவர் பார்த்த படத்தைப் பற்றி மற்றவர் பேசவே முடியாத நிலை அது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 28-இல் வந்த 'லோகா: அத்தியாயம் 1 சந்திரா' மலையாளத்தின் முழு அளவிலான பெண் அதிமனித நாயகிப் படம். டொமினிக் அருண் இயக்கம், கல்யாணி பிரியதர்ஷன் நாயகி. பெங்களூரு பெண்களைப் பற்றிய ஒரு வசனம் புண்படுத்தியதாகப் புகார் வர, படத்தைத் தயாரித்த துல்கர் சல்மானின் வேஃபேரர் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அதை நீக்க முன்வந்தது. அந்த வசனம் கதைக்கு எந்த வகையிலும் தேவைப்படவில்லை. நீக்கத்தைக் குறைசொல்ல ஏதுமில்லை.

லோகாவே ஒரு மறுதொகுப்பு என்பதுதான் இதில் முக்கியம். நாயகி கள்ளியங்காட்டு நீலி. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பழைய வழியில் இருந்த காட்டோடு இணைத்துச் சொல்லப்படும் யட்சி அவள். குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டில் அவள், நகைக்காகத் தன்னைக் கொன்றவனை மறுபிறவியில் பழிதீர்ப்பவள். தொண்டைநாட்டில் அவளே பழையனூர் நீலி. சொன்ன சொல்லுக்காக வேளாளர் எழுபதின்மர் தீயில் இறங்கக் காரணமானவள். படத்திலோ அவள் அரசனின் கொடுமைக்கு ஆளான காட்டுக்குடிச் சிறுமி. நீலி கதையைக் கேட்டு வளர்ந்த தென் திருவிதாங்கூர்த் தமிழருக்கும் மலையாளிகளுக்கும் இந்த மாற்றம் உடனே கண்ணில் பட்டது. யாரும் மூலத்தைக் கெடுத்துவிட்டதாகக் கூச்சலிடவில்லை. வில்லுப்பாட்டு வடிவமும் ஐதீகமும் அப்படியே இருக்கின்றன, புதியது பக்கத்தில் வந்து நிற்கிறது. படத்தில் டொவினோ தாமஸ் ஏற்ற வேடம் ஒரு சாத்தான் என்பது 1984-இன் குட்டிச்சாத்தானையும் நினைவூட்டுகிறது.

வடிவங்களை இப்படி அருகருகே வைக்கும் பழக்கம் நூற்பதிப்பில் உண்டு. ஏட்டுச்சுவடிகளை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர், ஒரு பாட்டுக்கு நான்கு பாடம் கிடைத்தால் ஒன்றை மேலே வைத்து மற்ற மூன்றையும் அடிக்குறிப்பில் தந்தார். படிப்பவர் அவரோடு மாறுபட அந்தக் குறிப்பே இடம் தந்தது. திரைப்படத்துக்கு இத்தகைய பழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. சான்றிதழ் பெற்ற பின் படத்தில் எதை வெட்டினாலும் சேர்த்தாலும் தணிக்கை வாரியத்திடம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. திருவனந்தபுரத்தில் அதன் மண்டல அலுவலகம் இருக்கிறது. எனவே எந்த நொடி போனது என்ற கணக்கு காகிதத்தில் உண்டு. அந்த நொடிகள் பார்வையாளருக்குக் கிடைப்பதில்லை.

பாதுகாப்பின் அருமையைத் திருவனந்தபுரம் அறியாததல்ல. தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தை வளர்த்தெடுத்த பி.கே. நாயர் பிறந்தது இங்கேதான். 1933-இல் எடுத்து, பதிப்புரிமை வழக்கால் இங்கே கேப்பிடல் அரங்கிலிருந்து திரும்பப் பெறப்பட்ட 'மார்த்தாண்ட வர்மா' மௌனப் படத்தின் பிரதி, காப்பகம் மீட்டதால்தான் இன்று இருக்கிறது. அதற்கு முன்னால் ஜே.சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' ஒரு சுருள்கூட மிஞ்சாமல் அழிந்தது. 'பிளேடு ரன்னர்' படத்தின் ஐந்து வடிவங்களை 2007-இல் ஒரே பெட்டியில் விற்றார்கள். வாங்கியவர்கள் ஐந்தையும் பார்த்துவிட்டு எது சிறந்தது என்று இன்றும் வாதாடுகிறார்கள். ஜஸ்டிஸ் லீக்கின் இரு வடிவங்களும் தனித்தனியே கிடைக்கின்றன. மலையாளத்தில் அந்த வாதம் முழுமையாக நடக்க, குட்டிச்சாத்தானின் 1984 வடிவம் மீட்கப்பட்டு, எந்த ஆண்டின் வடிவம் என்ற குறிப்போடு, பின்வந்தவற்றின் பக்கத்தில் வைக்கப்பட வேண்டும்.