தோன்றா எழுவாய்

அரபு இலக்கணத்தில் ‘உக்துப்’ (எழுது) என்னும் ஏவல் வினையைக் கற்பிக்கையில், இதன் எழுவாய் எங்கே என்று மாணவரிடம் வினவுவது நம் வழக்கம். சொல்லில் அது இல்லை. அதுவின்றி வினையும் இல்லை. மறைந்து நிற்கும் அதனை ‘ளமீர் முஸ்ததிர்’ என்பர் அரபு இலக்கணத்தார். ‘தோன்றா எழுவாய்’ என்பர் தமிழ் இலக்கணத்தார்.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகள் தரும் விடைகளை வாசிக்கும்போதும் இவ்வினா எழவே செய்கிறது. நாம் கேட்பதற்கு முன்னரே, நிறுவனத்தார் எழுதிய அறிவுறுத்தல் ஒன்று செயலியின் முன் வைக்கப்பட்டுவிடுகிறது. நீ யார், எத்தொனியில் பேசு, எதனைத் தவிர் என்பன அதில் அடங்கும். செயலியின் மொழியாற்றலும் அடிப்படை இயல்பும் பயிற்சியால் அமைந்தவை. எனினும் அவ்வியல்பு எப்பக்கம் சாய வேண்டும் என்பதை இச்சில வரிகள் பெரிதும் முடிவு செய்கின்றன.

2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டின் பிங் செயலியிடமிருந்து அமெரிக்க மாணவர் ஒருவர் அத்தகைய வரிகளைச் சாதுரியமாக வெளிக்கொணர்ந்தார். அதன் உட்பெயர் ‘சிட்னி’ என்பதும், அப்பெயரை வெளியிடலாகாது என்ற கட்டளையும் அவற்றில் இருந்தன. இனிமையாகவும் ஈர்க்கும் வகையிலும் பேசுமாறும் அது பணிக்கப்பட்டிருந்தது. பயனர் நட்பென்று கருதிய பேச்சில் ஏவலுக்கும் பங்கிருந்தது.

2025 மே மாதத்தில் எக்ஸ்ஏஐ நிறுவனத்தின் குரோக், தொடர்பற்ற வினாக்களுக்கும் தென்னாப்பிரிக்க வெள்ளையரின் ‘இனப்படுகொலை’ குறித்து விடையளித்தது. அறிவுறுத்தலில் அனுமதியின்றிச் செய்யப்பட்ட மாற்றமே காரணம் என விளக்கிய நிறுவனம், அதன்பின் தன் அறிவுறுத்தல்களைப் பொதுவில் வெளியிட்டது. அதே ஆண்டு ஜூலையில் குரோக் ஹிட்லரைப் புகழ்ந்து எழுதியது. சான்றிருப்பின், அரசியல் நாகரிகத்துக்கு ஒவ்வாத கூற்றுகளுக்கும் தயங்காதே என்னும் வரி அண்மையில் சேர்க்கப்பட்டிருந்ததைப் பலரும் சுட்டினர், அவ்வரி நீக்கப்பட்டது. கேட்டுக்கு அவ்வொரு வரி மட்டுமே காரணமன்று. ஆயினும் ஏவல் வெளிப்பட்டிருந்ததாலேயே அதனை நோக்கி விரல் நீட்ட இயன்றது.

அறிவுறுத்தலை வெளியிட்டால் தீயோர் தடைகளைத் தாண்டக் கற்பர் என்பது நிறுவனத்தார் சிலரின் வாதம். அதில் உண்மையில்லாமல் இல்லை. ஆனால் மறைத்தும் அது வெளிவந்தே தீர்ந்ததைப் பிங் காட்டிற்று. மறைப்பினால் உறுதியாக இழப்புக்குள்ளாவது, விடையை நம்பி வாசிக்கும் எளியவரின் தீர்ப்புத் திறனே.

ஆகவே அறிவுறுத்தல் இருப்பதை நாம் குறைகூறவில்லை. ஏவல் அச்செயலியைப் பயனுள்ளதாக்க உதவுகிறது. ஏவியவர் யார், எதற்காக ஏவினார் என்பதை வாசகர் அறிய வழி வேண்டும் என்பதே நம் கோரிக்கை. எழுவாயை அறியாமல் வாக்கியத்தின் பொருளை உணர்ந்தோம் என்று எந்த மாணவரும் சொல்வதில்லை.