ரயில் அட்டவணையில் ஆங்கிலம்

சென்னை–பெங்களூரு ரயில் பாதையில் இருக்கிறது ஆம்பூர். வீட்டில் தமிழோ உருதுவோ பேசி, ஆங்கிலத்தைப் பள்ளியில் சந்திக்கும் பிள்ளைகள் நிறைந்த ஊர். பேராசிரியர் என். எஸ். பிரபுவின் ஆங்கிலப் பாடமுறை இங்கே எவ்வளவு பொருந்தும்! 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் அதைச் செய்து பார்த்தார். இலக்கண விதிகளை ஒப்பிக்கச் சொல்லாமல், ரயில் கால அட்டவணையைக் கொடுத்துக் கேட்பார்கள்: எந்த வண்டி முதலில் போய்ச் சேரும்? எதில் பயண நேரம் குறைவு? முதலில் ஆசிரியரோடு வகுப்பே சேர்ந்து இப்படி ஒரு பயிற்சியை முடிக்கும். அதேபோல இன்னொன்றைப் பிள்ளை தனியாகச் செய்யும். கவனம் விடையில் இருக்கும்போதே மொழி உள்ளே இறங்கும் என்று அவர் நம்பினார். எனக்கு மிகப் பிடித்தது கேள்விகளின் கடின அளவு. வகுப்பில் பாதிப் பேராவது, பாதிப் பயிற்சியையாவது சரியாகச் செய்ய வேண்டும். அதற்காக மிக எளிதாகவும் இருக்கக் கூடாது. அந்த நிதானத்தில் எத்தனை அக்கறை! இந்த அனுபவங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1987இல் வெளிவந்தது.