மறைவில்லாத போர்க்களம்

சிறு படைக்குழுக்களின் சண்டையைப் பலகையில் ஆடும் போர் விளையாட்டு, 1970-இல் அவலான் ஹில் நிறுவனத்தின் ‘பான்சர்பிளிட்ஸ்’ வந்தபின் பரவலாயிற்று. 1977-இல் ஜான் ஹில் வடிவமைத்த ‘ஸ்குவாட் லீடர்’ களத்தை இன்னும் சுருக்கி, சுமார் பத்துப் பேர் கொண்ட குழுவை ஒரு காயாக்கியது. அதிலிருந்து 1985-இல் உருவான ‘அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்’ அமெரிக்கா, பிரிட்டன் நகரங்களின் ஆட்ட மன்றங்களில் இன்றும் ஆடப்படுகிறது. மன்றத்தார் காலையில் ஒரு கூடத்தில் கூடி, இருவர் இருவராக மேசையில் அமர்ந்து, மாலைக்குள் ஒன்றிரண்டு சண்டைகளை முடிக்கிறார்கள்.

ஆட்டத்தின் நிறைகளில் ஐயமில்லை. வரைபடத்தின் ஓர் அறுகோணக் கட்டம் சுமார் 40 மீட்டர். ஒரு சுற்று இரண்டு நிமிடம். ஜெர்மானியக் குழுவின் காயில் 4-6-7 என்று அச்சிட்டிருக்கும்: சுடுதிறன் 4, எட்டும் தூரம் 6 கட்டம், மன உறுதி 7. சூடு பட்ட குழுவுக்காக இரண்டு பகடைகளை உருட்டி, ஏழுக்கு மேல் விழுந்தால் அது குலைந்துபோகும்; பெரும்பாலும் ஓர் அதிகாரி பக்கத்தில் வந்து தேற்றினால்தான் மீளும். துப்பாக்கிச் சூடு ஆட்களைக் கொல்வதைவிட அதிகமாக முடக்கிப்போடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் நூல்கள் குறைவு.

படைவீரரின் சண்டையை இவ்வாட்டம் உள்ளபடி காட்டுகிறது என்பது ஆதரவாளர்களின் வாதம். ஜான் ஹில்லின் கொள்கையையே அதற்குத் துணைக்கு அழைக்கிறார்கள்: தோட்டா, எறிகுண்டு, பீரங்கி என ஒவ்வொரு காரணத்தையும் விதியாக்க வேண்டாம், களத்தில் விளைவு சரியாக வந்தால் போதும். காய்களுக்கு நேர்வதைப் பொறுத்தவரை இந்தக் கொள்கை பொருந்துகிறது. காய்களை நகர்த்துபவருக்கு நேர்வதைப் பொறுத்தவரை பொருந்தவே இல்லை.

அன்று ஆடும் சண்டையை (சினாரியோ) விவரித்து, இருவருக்கும் பொதுவாக மேசையில் வைக்கப்படும் சினாரியோ அட்டையே இதற்குச் சான்று. எதிரிக்கு எத்தனை குழுக்கள், எத்தனை எந்திரத் துப்பாக்கிகள், துணைப்படை எந்தச் சுற்றில் எந்த ஓரத்திலிருந்து நுழையும், எந்தக் கட்டடத்தைப் பிடித்தால் வெற்றி, சண்டை எந்தச் சுற்றோடு முடியும் என எல்லாம் அதில் இருக்கின்றன. 1942-இல் ஸ்டாலின்கிராடில் ஒரு வீட்டு மூலையில் பதுங்கியிருந்த குழுத்தலைவருக்கு அடுத்த அறையில் இருப்பவர் யார் என்பதே தெரியாது. தன் ஆட்களில் எத்தனை பேர் பின்னால் வருகிறார்கள் என்பதும் நிச்சயமில்லை. ஆடுபவரோ தெரு முழுவதையும் மேலிருந்து பார்க்கிறார். கடைசிச் சுற்று வந்ததும், எஞ்சிய குழுக்களையெல்லாம் திறந்த வெளியில் ஓடவிட்டுக் கட்டடத்தைப் பிடிக்கிறார். அதற்கு மேல் ஒரு சுற்று இல்லை என்று அவருக்குத் தெரியும். மறு நிமிடம் உயிரோடு இருக்க நினைக்கும் எவரும் அப்படி ஓடமாட்டார். அச்சமும் ஐயமுமே சிறு சண்டையின் சாரம். காயில் அச்சத்துக்கு ஓர் எண் இருக்கிறது. முடிவெடுப்பவரை ஐயம் தொடுவதே அரிது.

மறைப்புக்கு விதிகளே இல்லை என்று சொல்ல முடியாது. கேள்விக்குறி அச்சிட்ட காய்க்கு அடியில் குழு இருக்கிறதா, வெறும் போலியா என்பது எதிராளிக்குத் தெரியாது. சுடுவதாக அறிவித்த பிறகே, இலக்கு கண்ணுக்குத் தெரியுமா என்பதை அளக்கும் நூலைக் கட்டத்துக்குக் கட்டம் இழுத்துப் பார்க்கலாம். நடுவே கட்டடம் குறுக்கிட்டால் அந்தச் சூடு வீண். நூல் இறுகும் அந்தக் கணத்தில் மட்டும் ஆடுபவர் குழுத்தலைவரின் நிலைக்கு நெருங்கி வருகிறார். ஆனால் கேள்விக்குறிகள் எத்தனை என்பதையும் அதே அட்டை சொல்லிவிடுகிறது. பான்சர்பிளிட்ஸில் டாங்கிகள் எதிரியின் கண்ணெதிரே சூடு படாமல் காட்டுக்குக் காடு தாவ முடிந்தது. அந்தக் குறையை 1974-இல் வந்த ‘பான்சர் லீடர்’ திருத்தியது. எல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்கும் இந்தப் பெரிய குறையோ விதியாகவே நிலைத்துவிட்டது.

பலகையின் இயல்பே இதுதான் என்ற சமாதானம் வரலாற்றுக்கு முன் நிற்காது. 1824-இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வகுத்த ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ ஆட்டத்தில் நடுவர் இருந்தார். இரு தரப்பும் அவரிடம் கட்டளைகளைத் தரும். கண்ணுக்கு எட்டக்கூடிய எதிரிக் கட்டைகளை மட்டுமே அவர் வரைபடத்தில் வைப்பார். எஸ்பிஐ நிறுவனத்தின் ‘சிட்டிஃபைட்’ 1979-இல் இரு தரப்பையும் ஒன்றன் பார்வையிலிருந்து ஒன்றை மறைத்தது. 1983-இன் ‘ஆம்புஷ்!’ ஒருவர் தனியாக ஆடுவது. எதிரி எங்கே என்பது அதில் நகர்ந்த பிறகுதான் தெரியவரும்.

வழி தெரிந்தும் மன்றங்கள் அதில் போகாததற்குக் காரணம் மன்ற நாளின் அமைப்பு. ஆட்டம் நேரத்துக்குள் முடிய வேண்டும், இருவருக்கும் சம வாய்ப்பு வேண்டும். ஒரு தரப்பே அடிக்கடி வெல்லும் சினாரியோ மதிப்பிழக்கிறது. சமநிலையைச் சரிபார்க்க எல்லாம் திறந்து கிடப்பதே வசதி. சதுரங்கத்துக்கு அது தகும். போரைப் புரியவைப்பதாகச் சொல்லும் ஆட்டத்துக்குத் தகாது. வீட்டில் இருவர் ஆடும்போது நடுவர் கிடைக்கமாட்டார் என்பது நியாயமே. மன்றத்தில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. விதிகளைக் கரைத்துக் குடித்த மூத்த உறுப்பினர்கள் அதே கூடத்தில் இருக்கிறார்கள். அவர்களையும் ஆளுக்கொரு எதிராளியோடு உட்காரவைத்துவிடுகிறார்கள்.

நடுவரோடு ஆட மூன்று பலகைகள் வேண்டும்: தரப்புக்கு ஒன்று, எல்லாம் தெரியும் நடுவருக்கு ஒன்று. சினாரியோ அட்டை நடுவரிடம் மட்டும் இருக்கும். சண்டை எந்தச் சுற்றில் முடியும் என்பதை அவர் பகடை உருட்டித் தீர்மானிக்கலாம். நாளுக்கு ஒரு சண்டைக்கு மேல் முடியாது, வெற்றிக் கணக்கும் ஒப்பிட உதவாது. அதனால், ஆட்ட முடிவுகளைத் தரவரிசைக்காகப் பதிந்துவரும் மன்றங்களைவிட, அப்படிப் பட்டியல் வைக்காத சிறு மன்றங்களுக்கே இம்முறை எளிது.